மனிதர் விழும் பலன்

டியூப்லைட் பட்டியைக் கழற்றிய யேசுராஜன்
ஏணி மேலிருந்தே கேட்டார்:
"மேடம், ரெண்டு முட்டை இருக்குது. தட்டி விட்டுடட்டா?"
ஒட்டடைக்குள் அவை
வாயிலிட்டுத் துப்பிய பெப்பர்மின்ட் போல இருந்தன.

பல்லி வரக்கூடாதென்று
தணிகை கட்டித் தொங்கவிட்ட கோழிமுட்டை ஓடுகள்
சமையலறை ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்தன.
"இருங்க" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி.
புள்ளி எப்போதும் மேலே பார்க்கவேண்டும்,
புரண்டால் உள்ளே இருப்பது செத்துப்போகலாம்.
கோழி தன் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.
பல்லி வைத்துவிட்டுப் போய்விடும்.
எனக்குப் பல்லியின் முறை பிடித்திருந்தது.

காலி பால்கோவா டப்பா. மூடியில் ஊசியால் ஏழு துளை.
தென்னைநார்த் தூள்,
பிழிந்தால் சொட்டாத ஈரம்.
நான் வேலை பார்க்கும் லேபில் ஒரு இன்குபேட்டர்
முப்பத்தேழு டிகிரியில்
ஊரார் சளியை வளர்க்கிறது.
இதற்கு அவ்வளவு ஆகாது.
வில்லிவாக்கம், மே மாதம், மூன்றாம் மாடி,
தலைக்கு மேல் மொட்டைமாடி:
அடைகாப்பதை ஊரே பார்த்துக்கொண்டது.
டப்பாவைச் சூட்டிலிருந்து தள்ளித் தள்ளி வைப்பதுதான்
என் வேலை.

தணிகையிடம் பத்து நாள் சொல்லவில்லை.
பதினோராம் நாள்
பால்கோவா என்று நினைத்துத் திறந்தான்.
பேசாமல் மூடினான்.
ராத்திரி, விளக்கணைத்த பிறகு,
"எத்தனை நாள் ஆகும்?"

எடுக்காமல், செல்போன் வெளிச்சம் மட்டும் காட்டிப் பார்ப்பேன்.
முதலில் சிவப்பு நூல் இரண்டு மூன்று.
ஆறாம் வாரம் வெளிச்சமே உள்ளே போகவில்லை,
ஒன்றில்.
மற்றது மஞ்சளாகவே இருந்து
ஒரு பக்கம் குழிந்துவிட்டது.
அதை ரோஜாத் தொட்டியில் புதைத்தது தணிகைதான்.
மண் கிளறியிருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன்.

கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி பேபியக்கா
ஃப்ரிட்ஜ் பின்னால், தொட்டித் தட்டு, பக்கெட் எல்லாம் பார்த்துவிட்டு
டப்பாவுக்கு வந்தார்.
"தண்ணி நிக்குதா?"
"இல்லக்கா, பல்லி முட்டை."
டார்ச் அடித்தார். கொஞ்ச நேரம் அடித்தார்.
"அதுவும் எங்க டிபார்ட்மென்ட்தான். சம்பளம் கெடையாது."

ஐம்பத்து மூன்றாம் நாள்
ஓடு இரண்டாய்க் கிடந்தது.
மூடியின் உட்புறம், தலைகீழாக,
வாலோடு சேர்த்தும் என் சுண்டுவிரலை எட்டாத ஒன்று.
அடிவயிற்றில் மிச்ச மஞ்சள்
தோல் வழியே தெரிந்தது.
முதல் சாப்பாடு தன் தோல்தான்.
கையுறை கழற்றுவதுபோல் விரல் விரலாக உரித்துத் தின்றது.

கொளத்தூர் மீன்கடைத் தெருவில்
பல்லிக்கு என்றதும் இம்ரான் சிரிக்கவில்லை.
"இந்தப் புழு பெரிசுக்கா.
ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எடம் இருக்குல்ல,
அதைவிடப் பெரிசா எதுவும் வைக்காதீங்க.
வாழப்பழத்த அழுக விடுங்க."

ஹார்லிக்ஸ் பாட்டிலில் பூவம்பழம்.
நான்கே நாளில் பழ ஈ.
ஃப்ரிட்ஜில் மூன்று நிமிஷம் வைத்தால் சோம்பிவிடும்.
டாக்டர் எனக்கு எழுதிய கால்சியம் மாத்திரையை
நசுக்கித் தூவினேன்.
பவுடர் பூசிக் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல்
வெள்ளை ஈக்கள் தள்ளாடி நடந்தன.
நாக்கு வந்ததை நான் பார்க்கவில்லை.
ஈ இல்லாததைத்தான் பார்த்தேன்.

காலண்டர் அட்டையின் பின்னால்
பல்லி விழும் பலன் போட்டிருக்கிறது:
தலை, நெற்றி, தோள், முழங்கால்,
இடம் வேறு வலம் வேறு.
பல்லி மேல் மனிதர் விழுந்தால் என்ன என்று
எங்கேயும் போடவில்லை.
இருபதாம் நாள், லேபுக்கு நேரமாகி,
மூடியை அவசரமாக அழுத்தினேன்.
நார்த்தூளில் வால் நுனி மட்டும்
தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது,
என் கையைவிடக் குறைவாகத்தான்.

அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து
புது எல்இடி பட்டிக்குக் கீழே சாய்த்து வைத்தோம்.
போகவில்லை.
சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது
இல்லை.

ஜன்னலில் முட்டை ஓடுகளைக் காணோம்.
கேட்டால்,
"காத்துல சத்தம் போடுது" என்கிறான் தணிகை.
ஹார்லிக்ஸ் பாட்டிலை மட்டும் இரண்டு பேருமே கழுவவில்லை.
அதில் ஈக்கள்
இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன.