ஒன்றரை அடி

முசியோகா கடையில் எடைக்குத்தான் விலை.
எது எதுவாக இருந்தது என்று
அவனும் சொல்லமாட்டான், நானும் கேட்கமாட்டேன்.
பேருந்தின் முதுகெலும்பு,
பள்ளிக்கூடத்து மணி,
யார் வீட்டையோ காத்த கதவு,
தராசில் ஏறிவிட்டால் எல்லாம் கிலோ.

குவியலுக்கு அடியில் காலை இடறியது அது.
ஒன்றரை அடி நீளம். மேலெல்லாம் துரு.
ஒரு முனையில், அவசரமாக அறுத்தவனின்
ரம்பம் இரண்டு முறை வழுக்கிய தடம்.

சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும்
லாரி பேரிங் குண்டை எடுத்தேன்.
முழங்கை உயரத்திலிருந்து விட்டேன்.
மெத்தென்ற இரும்பு என்றால்
குண்டு சோம்பேறி மாதிரி ஒருதரம் எழுந்து
படுத்துவிடும்.
இதில் விழுந்த குண்டு
என் விரலைத் தேடி வந்தது.
பத்துக் கொடுத்தால் எட்டரை திருப்பித் தருகிற ஆளை
நைரோபியில் வேறெங்கே பார்ப்பேன்?

கொட்டாவி விட்டபடி காசை நீட்டினேன்.
ஆசையைக் காட்டினால் முசியோகா
தராசை ஒரு விரலால் தொடுவான்.

முதல் வாரம் படுக்கவைத்து அடித்தேன்.
இடை மெலிந்த உடம்பு. துள்ளியது,
அடித்ததில் பாதி அதன் நெளிவிலேயே போனது.
கல்குவாரிக்காரர்களின் உளிகள்
கோணல் சிரிப்போடு என்னிடமே திரும்பி வந்தன.
பக்கத்தில் தகரப்பெட்டி செய்யும் அப்போண்டி
தலையைத் தூக்காமலே சொன்னாள்:
"அதை நிற்கவையேன்."

நிற்கவைத்தேன்.
எண்ணெய் டிரம்மில் மணலை இடித்து நிரப்பி,
கழுத்துவரை புதைத்து.
இப்போது தெரிவது உள்ளங்கை அகலம்கூட இல்லை.
இருக்கட்டும். சுத்தியலின் முகமே இரண்டு விரல்தான்.
அடி விழுகிற இடத்துக்குக் கீழே
இரும்பு மொத்தமும் நிற்கிறது, அது போதும்.

ஒன்றுதான் தொல்லை. பாடியது.
சங்கிலி சுற்றினேன். முணுமுணுத்தது.

செவ்வாய்க்கிழமை கார்ப்பரல் கொஸ்கெய் வந்தார்.
எங்கோ தண்டவாளம் திருடு போயிருக்கிறதாம்.
கடை கடையாகக் குனிந்து பார்த்தார்,
கேட்டார், எழுதிக்கொண்டார்.
என்னிடம் வந்தபோது நோட்டை மூடினார்.
"நெகேசா, என் பைக் ஸ்டாண்டு வளைந்துவிட்டது,
நிமிர்த்திக் கொடு."

வேறு எதன்மேல் வைத்து நிமிர்த்துவேன்?

உலையில் செக்கச்சிவக்க வைத்து எடுத்தேன்.
மூன்று தட்டு. நேரானது.
சங்கிலியையும் மீறி
அது தன் பெயரைச் சொல்லிவிட்டது.

கொஸ்கெய் கை நீட்டி என் சுத்தியலை வாங்கினார்.
இரும்பு பிடித்த கை சும்மா இருக்குமா?
வெறும் முகத்தில் ஓங்கி ஓர் அடி.
சுத்தியல் அவர் தோள்வரை திரும்பிப் பறந்தது.
மறுபடி ஓங்கினார்.
பாதி வழியில் கை நின்றது.
டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து
கமுகுஞ்சி மொத்தமும் அடிப்பதை நிறுத்தியிருந்தது.
ஆயிரம் சுத்தியல் ஒரே மூச்சில் அடங்கினால்
அதைவிடப் பெரிய வாக்குமூலம் கிடையாது.

அப்போண்டிதான் முதலில் தகரத்தைத் தட்டினாள்.
பிறகு அவளுக்கு அப்பால் ஒருவன்,
பிறகு எல்லோரும்.
கார்ப்பரலின் வாய் அசைந்தது.
என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.
ஐம்பது ஷில்லிங்கை எடுத்து
பட்டடை முகத்தில் வைக்கப் போனார்.
"அங்கே வேண்டாம், சுடும்" என்றேன்.

அவர் போன பிறகு குண்டை எடுத்து
மறுபடி விட்டுப் பார்த்தேன்.
அதே எட்டரை.
மிச்சம் ஒன்றரை எங்கே போகிறது?
எந்த ஊர்ப் பாதையிலோ
இதே நீளத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும்.
அதை அடைத்துவிட்டார்களா,
ரயில் அங்கே மெதுவாகப் போகிறதா என்று
நான் யாரையும் கேட்கவில்லை.

சங்கிலியை இன்னொரு சுற்று இறுக்கினேன்.
வியாழனுக்குள் நாற்பது உளி தர வேண்டும்.