அன்னாசி வெட்டுகிறவளின் ரேகை

தேக்கா சந்தையில் காலை ஆறரைக்கு
முதல் பெட்டியைப் பிரிக்கிறேன்.
மதியத்துக்குள் நாற்பது பழம்.
கொண்டையைத் திருகி,
கண்களைச் சாய்வாய்ச் சீவி எடுத்து,
மிளகாய் உப்போடு ஒரு பொட்டலம் ஒன்றரை வெள்ளி.

கையுறை போடு என்கிறார் லியோங்.
போட்டால் கத்தி வழுக்கும்.
போடாவிட்டால் பழம் என்னைத் தின்னும்.

சும்மா சொல்லவில்லை.
புரோமலின் என்று ஒரு நொதி இதன் சாற்றில்.
புரதச் சங்கிலியைக் கண்டால் கத்தரிக்கும்.
ஆட்டிறைச்சியா, அவித்த முட்டையா,
விஜயலோசனியின் விரல்நுனியா
என்று பார்ப்பதில்லை.
ஒரு துண்டை வாயிலிட்டு
நாக்கு எரிகிறது என்கிறீர்களே,
அந்த நிமிஷம்
யார் யாரைச் சாப்பிடுகிறார்கள் என்பது
இன்னும் முடிவாகவில்லை.

விழுங்கியதும் முடிவாகிவிடும்.
புரோமலினும் ஒரு புரதம்தானே.
உள்ளே அதைவிடப் பெரிய கத்தி காத்திருக்கிறது.

ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்தேன், மாசாயில்.
தேர்வில் வராத கேள்வி ஒன்று இன்னும் கூடவே வருகிறது:
இரைப்பையும் இறைச்சிதான்.
இறைச்சியைக் கரைப்பது
இரைப்பையை ஏன் விட்டுவைக்கிறது?

பெப்சின் பிறக்கும்போதே
தன் வாலைத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டு பிறக்கிறதாம்.
அமிலம் தொட்ட பிறகுதான் வாய் திறக்கும்.
அதற்குள் சுவரைத் தாண்டியிருக்கும்.
சுவரில் கோழைப் பூச்சு.
பூச்சை அரிக்க அரிக்கப் பூசுகிறார்கள்.
பூசுகிறவர்களும் நாலைந்து நாளில் உதிர்ந்துபோய்
புது ஆட்கள் வருகிறார்கள்,
எங்கள் கடையில் ஆள் மாறுவதைவிட வேகமாக.

டிரிப்சின் இன்னும் எச்சரிக்கை.
கணையத்தில் பிறந்து, தூக்கத்திலேயே குழாய் கடந்து,
சிறுகுடல் வாசலில் ஒரு காவல் நொதி
முத்திரையைக் கிழித்தால்தான் கண்விழிக்கும்.
விழித்த ஒன்று மற்றதையெல்லாம் எழுப்பும்.
வழியிலேயே விழித்துவிட்டால்
பிறந்த வீட்டையே தின்னத் தொடங்கும்.
மீன்கடை சைனுலாபுதீனுக்கு அப்படித்தான் ஆயிற்று.
வயிற்றில் குத்தி முதுகில் வாங்கினாற்போல் இருந்தது என்றார்.
பதினொரு நாள் ஆஸ்பத்திரி.
திரும்பி வந்து அரைக்கிலோ வஞ்சிரத்தை
வெட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

நானும் தினமும் ஒரு வாசல் கடக்கிறேன்.
நூற்றெழுபதாம் எண் பஸ், உட்லண்ட்ஸ், நெரிசல்.
கட்டைவிரலை வைக்கச் சொல்கிறது இயந்திரம்.
வைக்கிறேன். சிவப்பு.
மூக்கோரத்து எண்ணெயில் தேய்த்து வைக்கிறேன். சிவப்பு.
பின்னால் ஒருவர் பெருமூச்சு விடுகிறார்.
விரலில் கோடே இல்லை,
அன்னாசி மேய்ந்துவிட்டது
என்று எந்தப் பொத்தானை அழுத்திச் சொல்வது?
இனி முகம் பார்க்கும் வாசல் வருமாம்.
வரட்டும்.

சின்னக் கூண்டுக்குள் அதிகாரி
என் கையை வாங்கிப் பார்த்தார்.
பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று
தன் விரல்களை மோந்தார்.

திங்கள் கடை இல்லை.
நேற்றே ஜொகூரில் இரண்டு முட்டையும்
கொஞ்சம் பருப்பும் சாப்பிட்டேன்.
இந்நேரம் உள்ளே நறுக்கல் முடிந்திருக்கும்,
அமினோ அமிலம் அமினோ அமிலமாக,
நான் நறுக்குவதைவிட நேர்த்தியாக.
யார் வீட்டுக் கோழியோ.
அதை எடுத்து என் விரலில்
மறுபடி கோடு இழுக்கிறார்கள்.
பழைய சுழி, பழைய வளைவு,
இடது ஓரத்தில் அந்தப் பழைய தழும்பு.
சரக்கு மட்டும் புதிது.

செவ்வாய் காலை
வாசலில் பச்சை விளக்கு,
முதல் தடவையிலேயே.

தேக்காவில் லியோங் பெட்டிகளை இறக்கிவைத்திருந்தார்.
நாற்பத்திரண்டு.
இரண்டு அழுகல் என்றார்.