இரண்டு தரம்

நாற்பது ஒலித்துண்டுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
ஓர் எண் போட்டு அனுப்ப வேண்டும்.
கொழும்புக் கம்பனி துண்டுக்கு நூற்றிருபது ரூபா தரும்.
பலாலி வீதியில் ரியூட்டரி மேல்மாடி.
கீழே இரசாயனவியல் வகுப்பு விட்டு
சைக்கிள்கள் ஒன்றின் ஹாண்டிலில் ஒன்று கொளுவி
இழுபடுகிற நேரம்.
ஹெட்போனின் இடது காது வேலை செய்யாது.
அதனால் இங்கிலாந்து முழுவதும்
என் வலப்பக்கத்தில் நின்றுதான் கதைக்கிறது.

அளவுகோலை அவர்களே அனுப்பியிருந்தார்கள்:
நிமிடத்துக்கு எத்தனை சொல்,
எத்தனை பேர் பேசுகிறார்கள்,
பின்னால் இரைச்சல் உண்டா,
உச்சரிப்பு எந்த ஊர்.
இதை எழுதியவர்
ஒரு கவுண்டருக்கு முன்னால்
ஒன்றும் விளங்காமல் நின்றதில்லை போலும்.

ஒன்பதாம் துண்டு, ரயில் நிலைய அறிவிப்பு.
கரகரப்பு. பாதிச் சொற்கள் தண்டவாளத்தில் விழுந்துவிடுகின்றன.
யோசிக்காமல் நாலு போட்டேன்.
மாலை வகுப்புக்கு வரும் கமலரூபன்
கண்ணை மூடிக்கொண்டே எல்லாம் சொன்னான்:
மூன்றாம் மேடை, இருபது நிமிடம் தாமதம், மன்னிக்கவும்.
ஸ்டேசன் வாசலில் ஓட்டோ வைத்திருப்பவன்.
"ரீச்சர், பிந்துது எண்டு சொல்லுறதுக்கு
எந்தப் பாசையிலும் ஒரே குரல்தான் வைச்சிருக்கினம்."
நாலை வெட்டி இரண்டாக்கினேன்.

பதினான்காம் துண்டில் ஒரு பெண்,
சின்ன வெங்காயம் ஊன்றுகிற இடைவெளியில்
சொல்லுக்குச் சொல் நிறுத்திக் கேட்கிறாள்:
உங்கள் கணவரை முதலில் எங்கே சந்தித்தீர்கள்?
இது ஒன்று. சந்தேகமே இல்லை.
விசா சோதனைக்குப் படிக்கிற சுகிர்தமலர்
மூன்று முறை கேட்டாள். எழுதவில்லை.
"விளங்கேல்லையோ?"
"விளங்கீட்டுது."
பேனா மூடியை மாட்டினாள், கழற்றினாள்.
"கலியாணத்தண்டு விடியத்தான் ஆளைக் கண்டனான்.
அதுக்கும் இதே சொல்லைத்தான் போடுறதோ, ரீச்சர்?"

ஒன்றை நான் வெட்டவில்லை.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
மிகச் சின்னதாக.
கம்பனிக்காரர் கேட்டால்
ஈ இருந்த இடம் என்று சொல்லலாம்.

சோதனையில் எதையும் இரண்டு தரம் போடுவார்கள்.
முதல் தரம் பதறுவதற்கு, மற்றது எழுதுவதற்கு.
வகுப்பில் இதைச் சொல்லும்போது
பின்வாங்கில் இருப்பவர்கள்கூட மூச்சு விடுவார்கள்.
வங்கியில், விமான நிலையத்தில்,
மாமியாரின் தொலைபேசியில்
அந்தச் சலுகை கிடையாது என்பதைக்
கடைசிப் பாடத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.
கடைசிப் பாடம் வரைக்கும் யாரும் வருவதில்லை.

சனிக்கிழமை இரவு ஒன்பதரை.
முப்பத்தோராம் துண்டில் நிற்கையில்
ஸ்காபரோவிலிருந்து அக்காவின் மகள் எடுத்தாள்.
திரை முழுக்க நெற்றி. ஒன்பது வயது.
பள்ளிக்கூடத்தில் ஏதோ நடந்திருக்கிறது.
ஆமை ஒன்று, அது எங்கேயோ போய்விட்டது,
யாரோ அழுது, அல்லது சிரித்து.
நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று
எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன்.
"ஓம், ஓம்" என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
சிரிக்கிற இடம் அது இல்லை.
திரும்பச் சொல்லச் சொன்னேன்.
சொன்னாள்.
மெதுவாக அல்ல, உரக்க.

ஐந்துக்கு மேல் என்னிடம் எண் இல்லை.

தமிழுக்கு மாறினேன்.
"நீ. இப்ப. சாப்பிட்டனியோ.
என்ன. சாப்பிட்டனி."
அந்தப் பதினான்காம் பெண்
என் வாய்க்குள்ளிருந்து
வெங்காயம் ஊன்றிக்கொண்டு வந்தாள்.
பிள்ளை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது.
"சித்தி, நோர்மலாக் கதையுங்கோ.
எனக்கு விளங்கும்."

பிறகு மெல்ல மெல்ல
அவளுடைய தமிழில் வந்து சேர்ந்தது:
அது ஆமை இல்லை. மிஸ் டட்டில்.
வகுப்பு ரீச்சர்.
வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றமாம்.
போகிற அன்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

முப்பத்தொன்றுக்கு இன்னும் எண் போடவில்லை.
வானிலை அறிக்கை, ஒரேயொரு குரல், இரைச்சல் இல்லை.
விடியட்டும்.
இன்னொரு தரம் கேட்கிறேன்.