ஏறுவதற்குப் பத்துக் காசு

திபிலிசியில், கிளதானி குடியிருப்பின்
ஒன்பது மாடிக் கட்டடத்தில்
லிஃப்ட்டுக்கு உண்டியல் வாய்.
பத்துத் தெத்ரி போட்டால் ஏறும்.
இறங்கக் காசு கேட்காது.

நெஸ்தான் இரவு மருந்துக்கடையில் நிற்கிறாள்.
சம்பளம் லாரியில் வரும்.
சிரிக்காதீர்கள்,
அந்த ஊர்ப் பணத்துக்கு அதுதான் பெயர்.
வாடகை டாலரில் போகும்.
இரண்டுக்கும் நடுவே மாதாமாதம்
கொஞ்சம் கோதுமை மாவு சிந்துகிறது,
ஒரு ஜோடி குளிர்கால பூட்ஸ் சிந்துகிறது.

வீட்டுக்காரி லாமாரா கெட்டவள் இல்லை.
போன வருடம் மண்சட்டியோடு
பீன்ஸ் குழம்பு கொண்டுவந்தவள்.
இந்த வருடம் வாசலிலேயே நின்று,
"இருமடங்கு தர ஆள் இருக்கிறார்கள், கண்ணே,
நான் என்ன செய்ய" என்றாள்.
கண்ணில் தண்ணீர்கூட வந்தது.
தேதி மட்டும் மாறவில்லை.

பிறகு தொலைபேசி.
எத்தனை பேர்?
இரண்டு.
கணவர் என்ன வேலை?
இரண்டு என்றேனே, நானும் மகளும்.
ஓ.
அந்த ஓவுக்கு நீளம் உண்டு.
சிலரிடம் கதவளவு,
சிலரிடம் தாழ்ப்பாள் அளவு.
ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார்:
நாய் என்றால் யோசிக்கலாம்,
குழந்தை சுவரில் கிறுக்கும்.

கிடைத்த ஒன்றையும் போய்ப் பார்த்தாள்.
நிலவறை. ஜன்னலில்
தெருவில் போகிறவர்களின் கணுக்கால்.
ஈரத்தை மறைக்கப் புதுச் சுண்ணாம்பு.
அதுவும் டாலர்தான்.

தெக்லே சுவரில் கிறுக்குவதில்லை.
ஏழு வயதுக்குள் நான்கு வீடு கண்டவள்.
அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தெரியும்.
அம்மா வெளியே பூட்டிவிட்டுப் போன இரவுகளில்
குழாயைச் சத்தமில்லாமல் திறக்கவும் தெரியும்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்தபோது
தலையணைமேல் ஒரு காலுறை, கனத்துக்கொண்டு.
"ஸ்கூல் விட்டு வந்தால்
படியில்தான் ஏறுகிறேன், அம்மா.
செப்டம்பரிலிருந்து.
டெபாசிட்டுக்கு."

கொட்டி எண்ணினார்கள்.
பதினொரு லாரி நாற்பது.
நூற்றுப்பதினான்கு முறை, ஒன்பது மாடி.

நெஸ்தானுக்குத் திட்டத் தோன்றியது.
அந்த முழங்கால்களைப் பிடித்துவிடத் தோன்றியது.
கடைசியில்
ஒரு நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு
வா என்றாள்.

இறங்கினார்கள், இலவசமாய்.
கீழே உண்டியல் வாயில் போட்டுவிட்டு
இரவு உடையும் மருந்துக்கடைக் கோட்டுமாக
ஒரு வேலையும் இல்லாமல் மேலே வந்தார்கள்.

கதவு திறந்ததும் தெக்லே கேட்டாள்:
"இன்னொரு தடவை?"

மீதி நூற்றுப்பதின்மூன்று இருந்தது.
வீட்டைக் காலி செய்யப் பன்னிரண்டு நாளும்.