நாலு மரை

மதகுக்கு மதகு ‘டொக்’ என்றது.
கதவு என்றார் ஒருவர், சைலன்சர் பட்டை என்றார் ஒருவர்.
கொரடாச்சேரி போய்த் திரும்புவதற்குள்
பதினோரு டொக்.
இடது முன்சக்கரத்துக்கு அடியில்
கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன்.
சக்கரம் தலையாட்டியது,
கொள்முதல் நிலையத்தில் எதைக் கேட்டாலும்
‘ஆவட்டும்’ என்கிற பில் கிளார்க் மாதிரி.

பால் ஜாயிண்ட்.
மூட்டை ஏற்றி ஏற்றித் தேய்ந்த மூட்டு.
முப்பத்தைந்து தாங்கும் வண்டியில்
ஐம்பத்தைந்து.
ஏற்றச் சொன்னவள் நான்தான். எண்ணியவளும்.

திருவாரூர்ப் பட்டறையில்
கதிர் அறுக்கும் மெஷின்கள் வரிசை கட்டி நின்றன.
‘மாசி போகட்டும்க்கா’ என்றான்.
மாசி போனால் நெல்லும் போய்விடும்,
தவணைத் தேதி மட்டும் நிற்கும்.

ஆகவே வீட்டு வாசலில்.
எங்கள் ஊரில் வாசல் என்றால் களிமண்.
ஜாக்கியை மிதித்தேன்;
வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது.
கல்லுக்கு எங்கே போக?
காவிரி எங்களுக்கு எல்லாம் கொண்டுவந்து போட்டது,
கல்லை மட்டும்
திருச்சியிலேயே விட்டுவிட்டது.

மேட்டூரை மூடி மூன்று வாரம்.
வயலில் உளுந்து பனியைக் குடித்துக்கொண்டிருக்கிறது.
வாய்க்கால் மதகின் பலகைகள்
வேலையில்லாமல் கிடந்தன.
லஸ்கரிடம் சொல்லாமல் இரண்டு எடுத்து வந்தேன்.
ஒரு போகத்துத் தண்ணீரைத் தாங்கிய பலகை
ஒரு பொலிரோவைத் தாங்காதா?
முனகிவிட்டுத் தாங்கியது.

சிங்கப்பூரிலிருந்து அவர் குரல் வந்தது, ஒன்றேகால் நிமிடம்:
‘ஜாக்கி கீழ் ஆர்முக்கு அடியிலேயே இருக்கட்டும்.
ஸ்பிரிங்கு உள்ள கோவமா உக்காந்திருக்கும்.
பின்னைப் புடுங்கு. நட்டை முழுசாக் கழட்டிடாத,
நாலு மரை விட்டு வை.
விடுறப்ப துள்ளும்.’
பின்னால் யாரோ சீனத்தில் சிரித்தார்கள்.
மூன்று முறை கேட்டேன்.
மூன்றாம் முறை வண்டிக்காக இல்லை.

அடித்தேன்.
இரும்பை இரும்பு விழுங்கிக்கொண்டு
துப்பமாட்டேன் என்றது.
ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடி முழுக்க வீண்.
எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியல்
அசையாமல் முட்டுக்கொடுக்க வேண்டும்.
எனக்கு இருப்பது இரண்டு கை.

வேதரத்தினம் வந்தான். அவர் தம்பி.
வண்டியில் பாதி அவன் பணம்.
தீபாவளியிலிருந்து பேச்சில்லை.
என் பங்கைப் பிரித்துக்கொடு என்று அவன் சொன்னதும்,
எந்தப் பாதி, எஞ்சினா தொட்டியா
என்று நான் கேட்டதும்தான் கடைசி.
சத்தம் கேட்டு வந்தானோ
சத்தம் பொறுக்காமல் வந்தானோ.
தன் சம்மட்டியைக் கொண்டுவந்திருந்தான்.
குந்தி உட்கார்ந்து
நக்கிளின் அந்தப் பக்கம் வைத்து அழுத்தினான்.

அவன் விரலுக்கும் என் அடிக்கும்
இரண்டு அங்குலம்.
விரலை நகர்த்துவான் என்று பார்த்தேன்.
நகர்த்தவில்லை.

உள்ளே மகள் பரீட்சைக்குக் கத்திப் படித்துக்கொண்டிருந்தாள்:
பால் என்றால் பகுதி, பிரிவு, பங்கு.
பால் என்றால் பகுதி, பிரிவு, பங்கு.
இரண்டு பேரும் கேட்டோம்.
அவன் கழுத்து நரம்பு ஒருமுறை ஏறி இறங்கியது.

அடித்தேன்.
‘டப்’.
எல்லாம் ஒரு விரற்கடை துள்ளி
நாலு மரையில் நின்றது.

பிறகு வேலைதான்.
பழையதைக் கையில் எடுத்து ஆட்டினால்
குண்டு கிண்ணத்துக்குள் கலகலத்தது.
புதியது விறைப்பாக இருந்தது, சம்பந்தி வீட்டுக்கு வந்தாற்போல.
கிரீஸ் அடிக்க அடிக்க
ரப்பர் உறை தவளைத் தொண்டையாக உப்பியது.
போதும் என்று அவன் கையைக் காட்டினான்.
புதுப் பின்னை நானே மடக்கினேன்.

டீசலில் கை கழுவும்போது சொன்னான்,
வண்டியைப் பார்த்துத்தான்:
‘அலைன்மென்ட் பாக்கணும்.
டயரு உள்பக்கமாத் தின்னிருக்கு.’
‘ம்’ என்றேன்.
டீத்தண்ணி போடட்டுமா என்று கேட்பதற்குள்
வாய்க்கால் தாண்டிவிட்டான்.

சம்மட்டி ஜாக்கி ஓரம் கிடக்கிறது.
மறந்தானா, விட்டுப்போனானா,
நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை.
பலகையையும் இன்னும் திருப்பிப் போடவில்லை.
வலது பக்கம் இருக்கிறது.