வட்டமிட்ட சுரங்கள்

சீ.ஆர். கொப்பியின் நாற்பத்தோராம் பக்கம்.
பச்சை மையில் ஒன்பது ஆவர்த்தனம்,
ஒவ்வொரு சுரத்தைச் சுற்றியும் ஒரு வட்டம்.
ஓரத்தில் றெஜினோல்ட் எழுதியிருக்கிறான்:
காற்று இல்லை. விரல் உண்டு.

இடக்கையைத் துருத்தியில் இருந்து எடுத்துவிட வேண்டும்.
வலக்கை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

முதல்நாள் மிச்சக் காற்றில்
ஒரு க முனகிவிட்டது.
பிறகு பழகினேன்,
துருத்தி ஒடுங்கும்வரை பொறுத்து, அதன்பின்
கட்டைகள் மட்டும். டக். டக்டக்.
அடுத்த அறையில் ஆரோ தாயம் உருட்டுவதுபோல.

இரணைப்பாலைக் கோயிலில் அந்த நேரம்
வெளியே லாண்ட்மாஸ்டர் ஒன்று வயலுக்குப் போகும்.
மின்விசிறி கழுத்தைத் திருப்பும்.
பெட்டி பழுதோ என்று
பீடத்தில் நின்றபடி கண்ணால் கேட்டார் புதுச் சுவாமி.
பெரிய வெள்ளிக்கு எழுதினது, என்றா புளோறன்ஸ் அன்ரி,
அண்டைக்கு வாத்தியம் கூடாதெல்லோ.
பக்கத்தின் மூலையில் திகதி இருக்கிறது: ஆவணி பன்னிரண்டு.
பங்கருக்குள் வந்த பழக்கம், என்றார் இன்னொருவர்.
அந்த வருசங்களில் றெஜினோல்ட் இங்கே இல்லை,
மன்னாரில் ஐஸ் கொம்பனிக்குக் கணக்கு எழுதினான்.
அவனைக் கேட்டால்,
அந்த இடம் அப்படித்தான் வரும், என்பான்.

நான் நின்றது வேறோர் இடத்தில்.
ஏழாவது ஆவர்த்தனம், வட்டத்துக்குள்,
ஒரு த-வைப் பிளேட்டால் சுரண்டி
நி எழுதியிருக்கிறான்.
தாள் மெலிந்து
யன்னலுக்குப் பிடித்தால் அதற்குள்ளால் வெளிச்சம் வருகிறது.
ஒருவருக்கும் கேட்கப்போவதில்லை.
என்றாலும் பிழை பிழைதான்.
ஏதோ ஓர் இரவு பாயில் கிடந்தபடி
அந்தப் பிழையைக் கேட்டு எழும்பியிருக்கிறான்,
இருட்டில் பிளேட் தேடியிருக்கிறான்.

போன ஞாயிறு வேண்டுமென்றே
பழைய த-வை அழுத்தினேன்.
டக். அதே டக்.
பின்வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில்,
பம்ப் திருத்திய கிறீஸ் கையோடு நின்றவன்
தலையைத் தூக்கினான்.

பெட்டியின் முதுகு என் கையை மறைக்கும்.
அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

பூசை முடியக் கொப்பியை வாங்கி
நி-க்கு மேல் பென்சிலால் நாலு என்று போட்டான்.
வேண்டுமென்று செய்தேன் என்று நான் சொல்லவில்லை.
மூண்டாம் விரலெண்டால் அதிலை வழுக்கும், என்றான்,
கிறீஸ் பட்ட மூலையைச் சேட்டில் துடைத்துக்கொண்டு.