கெண்டை

பதினொரு கிலோ போயிற்று.
கன்னத்திலிருந்து போயிற்று, தாடையிலிருந்து போயிற்று,
மோதிரம் பாத்திரம் கழுவும் தண்ணீரில் தானாகக் கழன்றது.
மார்பில் போனதை யாரிடம் முறையிட.
கெண்டைக்காலைச் சுற்றினால் மட்டும்
அளவு நாடா அதே எண்ணைச் சொல்கிறது:
நாற்பத்தொன்று.
போன வருடமும் நாற்பத்தொன்று.

புசானில் இதை முட்டை என்போம்.
காலுக்குள் முட்டை இருக்கிறது என்போம்,
ஏதோ கோழி வந்து இட்டுவிட்டுப் போனதுபோல.
பள்ளியில் என் பெயர் முள்ளங்கி.
அதுவும் கிம்ச்சி போடும் மாதத்தில்
கையில் தூக்கித் தட்டிப் பார்த்து
விலை பேசுவார்களே, அந்த முள்ளங்கி.

கொழுப்பென்றால் பட்டினி போடலாம்.
இது கொழுப்பில்லை.
யோங்தோவின் செங்குத்துச் சந்துகளில்
ஒன்பது வருடம் பார்சல் சுமந்த கூலி
வங்கிக் கணக்கில் ஏறாமல்
முழங்காலுக்குக் கீழே ஏறிக்கொண்டது.
நூற்றெழுபத்திரண்டு படிகள்.
உச்சியில் ஒரு வீடு,
செவ்வாய்தோறும் இரண்டு பெட்டி
தண்ணீர் பாட்டில் கேட்கும் வீடு.

இரவில் சொல்ஹீயும் நானும்
காலி சோஜு பாட்டிலைக் காலில் உருட்டுவோம்,
கணுக்காலிலிருந்து மேலே, மேலே மட்டும்.
கீழே உருட்டினால் பலன் இறங்கிவிடுமாம்.
அவள் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பவள்;
அவள் காலில் பாட்டில்
மாவின்மேல் போவதுபோல் போகும்.
என் காலில் தடுக்கி டொக்கென்று தரையில் விழும்.
"காலி செய்கிற பாதி வேலையாவது
ஒழுங்காக நடக்கிறதே" என்பாள்.

நவம்பரில் டாக்டர் குவாக்
பேனாவால் என் காலில் புள்ளி வைத்தார்,
வரிசை வரிசையாக,
கோடு இழுக்காமல் விட்டுவிட்டார்.
"கரைப்பதில்லை, தூங்கவைக்கிறோம்.
வேலையில்லாத தசை தானாக இளைக்கும்."
வேலையில்லாமல் இளைப்பது எனக்குத் தெரியும்.
கப்பல் பட்டறையை மூடிய வருடம்
அப்பா அப்படித்தான் இளைத்தார்.
கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரத்தில் முப்பத்தெட்டு.
இரண்டு குளிர்காலம் பெட்டியிலேயே கிடந்த
பழுப்பு பூட்ஸின் ஜிப்
பாதி வழியில் நிற்காமல் முழங்கால்வரை ஓடியது.
அழுதேன் என்று நான் சொல்லமாட்டேன்.
சொல்ஹீ சொல்வாள்.

அடுத்த செவ்வாய்,
தொண்ணூறாவது படியில் கால் கேட்டது:
இன்னுமா?
ஒன்பது வருடத்தில் முதல் முறையாக
பெட்டிகளை இறக்கி உட்கார்ந்தேன்.
அங்கே ஒரு கைப்பிடி இருக்கிறது.
நீலச் சாயம், உப்பு தின்றது.
இத்தனை நாள் தெரியாது.
அதற்கப்பால் கடல். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள்,
கூப்பிட்டால்தான் உள்ளே வரலாம் என்பதுபோல.

மேலே கதவு திறந்தது.
தண்ணீர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்,
செருப்பை மாட்டிக்கொண்டு
அரைக்கால் சட்டையோடு அந்தக் குளிரில் இறங்கி வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றித் திரும்பினார்.
நன்றி சொல்ல வாய் வரவில்லை,
கண் அவர் கால்களில் இருந்தது.
ஒவ்வொரு படிக்கும் தோலுக்கடியில் ஒரு மீன்
திரண்டது, மறைந்தது, திரண்டது.
அவரிடம் யாராவது எப்போதாவது
அளவு நாடா நீட்டியிருப்பார்களா?
மிச்சப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
பின்னாலேயே ஏறினேன், மூச்சு வாங்க.

இப்போது ஏப்ரல்.
மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி:
இரண்டாம் ஊசிக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.
பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை.

நேற்றிரவு போர்வைக்குள் காலை நீட்டினேன்,
கெண்டை புரட்டியது.
வலியில் எழுந்து உட்கார்ந்து
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
உள்ளே அது வால் அடித்தது,
என்னைக் கேட்காமல் விழித்துக்கொண்டு.

காலையில் அளந்தோம். முப்பத்தொன்பதரை.
ஜிப் இன்னும் ஏறுகிறது,
பல்லைக் கடித்துக்கொண்டு.